காட்டுச் சுற்றுலாவும் வெக்கையும்



கோடை விடுமுறை நெருங்குகின்றது. ஒஸ்லோவிலும் பேர்கனிலும் இங்கே வடக்கிலும் பல வீடுகளில் ஊருக்குப் போவதற்கான ஆயத்தங்கள் தொடங்கியிருக்கும். பயணச்சீட்டு எடுத்தாயிற்று, உறவினருக்குச் சாமான்கள் வாங்கியாயிற்று. இப்போது பிள்ளைகள் கேட்கின்ற கேள்வி ஒன்றிருக்கின்றது: "இந்த முறை சஃபாரிக்குப் போகலாமா?" யானை, சிறுத்தை, கரடி, முதலை எல்லாவற்றையும் நேரிலே பார்க்கவேண்டும் என்பது அவர்களின் ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் நாங்கள் போவது ஆடி, ஆவணி மாதங்களில். இலங்கையின் வரண்ட வலயத்தில் வெய்யிலும் காற்றும் உச்சத்தில் இருக்கும் காலம் அது. அந்த வெக்கைக்குள் குழந்தைகளையும் வயதானவர்களையும் திறந்த ஜீப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் இன்றைய எனது உரையின் பொருள்.

வெக்கையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் குளிரைப் பற்றி ஒரு சிறு சம்பவம் சொல்ல அனுமதியுங்கள்.

நான் ஹம்மர்பெஸ்டுக்கு வந்தது 1991 ஆம் ஆண்டு. அக்காலத்தில் வந்த எங்களிற் பலரைப் போலவே எனக்கும் முதல் வேலை மீன் தொழிற்சாலையில்தான் கிடைத்தது. இங்கே நவம்பர் 22 அளவிலிருந்து ஜனவரி 21 அளவு வரைக்கும் சூரியன் எழுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இருட்டுக்குள் ஒருநாள் துறைமுகப் பக்கமாக வேலைக்கு நடந்து வந்துகொண்டிருந்தபோது, கூட வேலைசெய்த வயதான நோர்வேஜியப் பெண் ஒருவர் என்னை நிறுத்தினார். ஒரு வார்த்தையும் பேசாமல் தன் கையுறையைக் கழற்றி, வெதுவெதுப்பான உள்ளங்கையை என் கன்னத்தில் சிறிது நேரம் வைத்துப் பிடித்தார். கன்னத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்திருந்ததாம். தோல் உறையத் தொடங்குவதன் அடையாளம் அது. எனக்கு நோவும் இல்லை, ஒன்றும் தெரியவுமில்லை. அன்று அவர் சொன்னது இது: "குளிருக்குள் உன் முகம் உனக்குத் தெரியாது. ஆகவே நீ என் முகத்தைப் பார், நான் உன் முகத்தைப் பார்க்கிறேன்."

குளிருக்காக அவர் சொன்ன இந்தப் பாடம் வெக்கைக்கும் பொருந்தும் என்பதை நான் விளங்கிக்கொள்ள இருபத்தைந்து ஆண்டுகள் எடுத்தன.

2016 ஆம் ஆண்டு ஆடி மாதம் குடும்பமாக ஊருக்குப் போயிருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி வரும் வழியில் வில்பத்துக் காட்டைப் பார்ப்பதென்று முடிவாயிற்று. இலங்கையின் மிகப் பெரிய தேசிய வனம் வில்பத்துத்தான். ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர். 1938 இல் தேசிய வனமாக்கப்பட்டது. போர் காரணமாக 1988 இல் மூடப்பட்டு, 2003 இல் திறக்கப்பட்டு, பின்னர் மறுபடியும் மூடப்பட்டு, 2010 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே எங்கள் தலைமுறையிற் பலர் அதன் பெயரைக் கேட்டிருப்போமே தவிர உள்ளே போயிருக்க மாட்டோம்.

வண்டியில் நாங்கள் ஆறு பேர். நானும் கணவரும் பிள்ளைகள் மூவரும், கூடவே எழுபத்திரண்டு வயதான எனது மாமியும். காலையில் பிந்தி எழும்பியதால் நாங்கள் காட்டுக்குள் நுழையும்போதே ஒன்பது மணி தாண்டிவிட்டது. பதினொரு மணியளவில் வெய்யில் நெருப்பாகச் சுட்டது. பிள்ளைகளுக்கு ஒவ்வொரு போத்தலாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தேன். மாமிக்கும் நீட்டினேன். "எனக்கு விடாயில்லைப் பிள்ளை, நீ பிள்ளையளுக்குக் குடு" என்றார். இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதே பதில். பிறகு நான் கேட்கவில்லை. எல்லோருடைய கண்ணும் பற்றைகளுக்குள் சிறுத்தையைத் தேடிக்கொண்டிருந்தன.

எங்கள் சாரதி புத்தளத்தைச் சேர்ந்த, தமிழ் பேசுகின்ற ஒரு பெரியவர். வில்லு ஒன்றின் கரையில் முதலையைக் காட்டுவதற்காக வண்டியை நிறுத்தித் திரும்பியவர், முதலையை விட்டுவிட்டு மாமியைப் பார்த்தார். "பெரியம்மா தண்ணி குடிச்சவவோ?" என்று கேட்டார். அப்போதுதான் நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். முகம் வெளிறிப்போய், கண்கள் பாதி மூடியபடி இருந்தன. தலை சுற்றுகின்றது, வயிற்றைப் பிரட்டுகின்றது என்றார். சொல்லி முடிய முன்னரே சத்தி எடுத்தார்.

அந்தப் பெரியவர் பதறவில்லை. வண்டியை மர நிழலுக்குள் கொண்டுபோனார். தன்னிடமிருந்த துவாயை நனைத்து மாமியின் கழுத்திலும் நெஞ்சிலும் போட்டு, தொப்பியால் விசிறச் சொன்னார். காலைச் சற்று உயர்த்தி வைத்தோம். உப்பும் சீனியும் கரைத்த தேசிக்காய்த் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தோம். அரை மணித்தியாலத்தில் தெளிந்துவிட்டார். நினைவு தடுமாறவில்லை என்பதால் அந்த அளவோடு தப்பினோம். அன்று மாலையே வைத்தியரிடமும் காட்டினோம்.

இரவு தங்குமிடத்தில் மாமி உண்மையைச் சொன்னார். முதல் நாள் இரவிலிருந்தே அவர் தண்ணீரைக் குறைத்துவிட்டாராம். "வானிலை எல்லாரும் இருக்கினம், நடுக்காட்டிலை நான் எங்கை இறங்குறது?" என்று கேட்டார். இயற்கை உபாதைக்குப் பயந்து தண்ணீரைத் தவிர்த்திருக்கின்றார். அதற்கு மேல் இன்னொன்றும் சொன்னார். "இடம்பெயர்ந்து வரேக்கை காட்டுப்பாதையாலை ஒரு முழுநாள் தண்ணி இல்லாமல் நடந்தனாங்கள். அப்ப வாய் திறந்து ஒண்டும் சொல்லேல்லை. இது வாகனத்திலை இருந்து போறதுதானே."

நேயர்களே, அன்று எனக்கு நித்திரை வரவில்லை. வாய்திறந்து ஒன்றும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டதால்தான் எங்கள் பெரியவர்கள் பலர் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பொறுமையே ஒரு விடுமுறைச் சுற்றுலாவில் அவர்களுக்கு ஆபத்தாக வரக்கூடும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. நான் முதியோர் இல்லத்தில் வேலைசெய்பவள். வயது போகப் போக விடாய் என்ற உணர்வே குறைந்துவிடும் என்பதை வேலையிடத்தில் படித்தவள். படித்ததை என் சொந்த மாமியிடம் மறந்துபோனேன். இந்த உரையை நான் எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

இனி விடயத்துக்கு வருகின்றேன்.

முதலாவது: "நாங்கள் யாழ்ப்பாணத்து வெய்யிலில் பிறந்து வளர்ந்த ஆட்கள், எங்களுக்கு என்ன?" என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். வெக்கையைத் தாங்கும் பழக்கம் பிறப்போடு வந்து நிலைத்திருப்பதில்லை. உடம்பு அதைப் பழகிக்கொள்கின்றது, பழக்கம் விட்டால் சில வாரங்களில் மறந்தும் விடுகின்றது. வெக்கையான இடத்துக்குப் போனதும் உடம்பிலே குருதியின் நீர்ப்பகுதி கூடவேண்டும், வியர்வை முந்தி வரத் தொடங்க வேண்டும், வியர்வையோடு போகும் உப்புக் குறைய வேண்டும். இந்த மாற்றங்களுக்கு ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமை வரை செல்லும். ஹம்மர்பெஸ்டில் ஆடி மாதச் சராசரி வெப்பநிலை 12 பாகையைச் சுற்றித்தான் இருக்கும். இங்கிருந்து இரண்டு விமானம் மாறிக் கட்டுநாயக்கவில் இறங்கி, மூன்றாம் நாளே 33, 34 பாகை வெய்யிலில் காட்டுக்குள் போனால், முப்பது வருடம் இங்கே வாழ்ந்த பெரியவரும் இங்கேயே பிறந்த பிள்ளையும் ஒரே நிலையில்தான் நிற்பார்கள்.

சூரியனின் உயரத்தையும் எண்ணிப் பாருங்கள். ஹம்மர்பெஸ்டில் கோடையின் உச்ச நாளில் நடுப்பகலிற்கூடச் சூரியன் 43 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. எந்த நேரமும் பக்கவாட்டில்தான் நிற்கும். வில்பத்துப் பகுதியிலோ ஆவணிக் கடைசியில் நடுப்பகற் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேலே நிற்கும். ஆகவே எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த வெய்யில் வேறு, அங்கே அவர்கள் காணப்போகும் வெய்யில் வேறு. எங்கள் நிறத்துக்கு வெய்யில் சுடாது என்று சொல்வதும் சரியல்ல. சுடும், ஆனால் சிவந்து தெரிவது குறைவு, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு வெய்யிற் பூச்சு அவசியம்.

ஆகவே முதல் ஆலோசனை: சஃபாரியை விடுமுறையின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். கோயில், கலியாணம், உறவினர் வீடுகள் எல்லாம் முடித்து, ஒரு கிழமையாவது அங்கே நடமாடிய பின்னர் காட்டுக்குப் போங்கள். அந்த ஒரு கிழமையும் குளிரூட்டிய அறைக்குள்ளேயே கிடந்தால் உடம்பு பழகாது. காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் வெளியில் நடக்க வேண்டும்.

இரண்டாவது: நேரம். வனங்கள் பொதுவாகக் காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடப்படும். காலை ஆறு மணிக்கு வாசலில் நின்று பத்து மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும், அல்லது மூன்று மணிக்கு உள்ளே போய் மாலையோடு திரும்ப வேண்டும். "காசு கொடுத்தாயிற்று, முழுநாளும் சுற்றுவோம்" என்று நினைக்காதீர்கள். அல்லி அரசாணி கதையோடு எங்கள் பெரியவர்கள் சேர்த்துச் சொல்லும் குதிரைமலை முனை வில்பத்துக்குள்தான் இருக்கின்றது. அதைப் பார்க்க வேண்டுமென்று பலருக்கு ஆசை. ஆனால் அது கடற்கரை வரைக்கும் போய்வரும் முழுநாட் பயணம். சிறு குழந்தையோடும் வயதானவரோடும் அது வேண்டாம்.

நடுப்பகலில் நின்று அதிகம் காணப்போவதும் இல்லை. மிருகங்களுக்கு வெக்கையின் அருமை தெரியும். மான் கூட்டம் மர நிழலுக்குள் ஒதுங்கிவிடும். எருமை கழுத்தளவு சேற்றுக்குள் கிடக்கும். முதலை கரையில் வாயைப் பிளந்தபடி படுத்துச் சூட்டை வெளியேற்றும். யானைக்கு எங்களைப்போல் வியர்ப்பதில்லை. குருதிக் குழாய்கள் நிறைந்த பெரிய காதுகளை ஆட்டியும், தண்ணீரையும் சேற்றையும் மேலே வாரி இறைத்தும்தான் அது தன்னைக் குளிர்த்துகின்றது. மகாசேன மன்னன் கட்டுவித்த மின்னேரியாக் குளத்தில் ஆவணி, புரட்டாதியில் யானைகள் பெருங்கூட்டமாகக் கூடும் காட்சி உலகப் புகழ் பெற்றது. குளத்து நீர் வற்றிப் புல் முளைக்கும் அளவைப் பொறுத்து அது வருடத்துக்கு வருடம் மாறும். அந்த யானைகளும் வெய்யில் சாய்ந்த பிறகே வெளியில் வரும். மிருகமே ஓய்வெடுக்கும் நேரத்தில் நாங்கள் ஏன் அலைய வேண்டும்?

வில்பத்தில் பாலை மரங்கள் நிறைய உண்டு. வைகாசி தொடங்கி ஆடி வரை பழம் பழுக்கும் காலத்தில் கரடிகள் மரத்திலேறி பாலைப்பழம் தின்னும். வன்னியில் பாலைப்பழம் பொறுக்கித் தின்ற பெரியவர்கள் வண்டியில் இருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்ல அவர்களிடம் கதை இருக்கும். அதிகாலைக் குளிர்ச்சியில் போனால் கரடியையும் காணலாம், கதையும் கேட்கலாம். பதினொரு மணி வெய்யிலில் ஒருவருக்கும் கதை சொல்லவோ கேட்கவோ மனம் வராது.

புறப்பட முன்னர் வனம் திறந்திருக்கின்றதா என்றும் விசாரியுங்கள். வரட்சி கடுமையாகும்போது செப்ரெம்பரில் யாலவின் ஒரு பகுதியை மூடும் வழக்கம் உண்டு.

மூன்றாவது: உடுப்பு. "கெட்ட காலநிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடுப்புத்தான் உண்டு" என்று நோர்வேக்காரர் அடிக்கடி சொல்வார்கள். பருத்தியைப் போட்டுக்கொண்டு பனிமலைக்குப் போகாதே என்றும் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஏனென்றால் பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்பைக் குளிர வைத்துவிடும். பனிமலையில் எது குற்றமோ அதுவே வில்பத்தில் குணம். ஈரம் காயும்போதுதான் சூடு போகின்றது. எனவே அங்கே மெல்லிய, தொளதொளப்பான, வெளிர்நிறப் பருத்தி உடுப்பு அணியுங்கள். கை முழுவதையும் மூடும் சேர்ட் நல்லது. கையில்லாத உடுப்பை விட அதுதான் குளிர்ச்சி, வெய்யில் தோலில் நேரே படாது. இறுக்கமான ஜீன்ஸ் காற்சட்டையும் கறுப்பு ரி-சேர்ட்டும் வேண்டாம். இராணுவ உடையைப் போலப் புள்ளி போட்ட உடுப்புகளை இங்கே பிள்ளைகள் விளையாட்டாக அணிவார்கள். அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், ஏனென்று பெரியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விளிம்பு அகன்ற தொப்பி ஆளுக்கொன்று. பனையோலைத் தொப்பி கிடைத்தால் இன்னும் நல்லது, காற்றுப் புகும்.

நான்காவது, மிக முக்கியமானது: தண்ணீரும் மலசலகூடமும். இரண்டையும் சேர்த்தே சொல்கின்றேன், ஏனென்றால் இரண்டாவதற்கு வழி செய்யாவிட்டால் பெண்களும் வயதானவர்களும் முதலாவதைத் தொடமாட்டார்கள். வனத்துக்குள் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, அது சட்டம், மிருகங்களால் ஆபத்தும் உண்டு. ஆகவே ஜீப்பை ஒழுங்குசெய்யும் போதே சாரதியிடம் கேளுங்கள்: இறங்க அனுமதியுள்ள இடம் எங்கே, அங்கே மலசலகூடம் இருக்கின்றதா, எத்தனை மணிக்கு அங்கே நிற்போம்? பதிலை மாமிக்கும் அம்மாவுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். "எட்டு மணிக்கு ஒரு இடத்தில் இறங்குவோம் அம்மா, பயப்படாமல் குடியுங்கோ" என்ற ஒரு வசனம், பத்துப் போத்தல் தண்ணீரை விடப் பெறுமதியானது. வாசலில் இருக்கும் மலசலகூடத்துக்கு எல்லோரும் ஒருமுறை போய்விட்டே ஏறுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. பேரப்பிள்ளைகள் கேட்டால் கேட்கட்டும்.

தண்ணீரை விடாய் வந்த பின் ஒரேயடியாகக் குடிப்பதை விட, கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை சில மிடறுகள் குடிப்பது நல்லது. ஆடி, ஆவணியில் வடக்கிலும் வரண்ட வலயத்திலும் சோளகக் காற்று அடிக்கும். காய்ந்த காற்று. வியர்வை தோலில் நிற்காமல் உடனே காய்ந்துவிடுவதால் "எனக்கு வியர்க்கவே இல்லை" என்று நினைப்போம். வியர்க்கின்றது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். கடும் மஞ்சளாக இருந்தால் உடம்பில் தண்ணீர் போதாது.

வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் சரியல்ல, வியர்வையோடு உப்பும் போகின்றது. எங்கள் ஊர் மோர், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், காலையில் பழஞ்சோற்றுத் தண்ணீர் எல்லாம் தோட்டத்திலும் வயலிலும் வேலைசெய்தவர்கள் அறிந்து வைத்திருந்த மருந்துகள். மருந்துக் கடைகளில் ஜீவனிப் பொட்டலம் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அளவு மாறக்கூடாது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொற்றாசியம் அதிகம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது. பியர் போன்ற மதுவகைகளைப் பயணம் முடியும்வரை தொடாதீர்கள். கொண்டுபோன போத்தல்களைக் காட்டுக்குள் எறியாமல் திரும்பக் கொண்டுவருவதும் எங்கள் கடமை.

ஐந்தாவது: வண்டிக்குள் செய்யவேண்டியவை. ஏற முன்னர் இருக்கையைத் தொட்டுப் பாருங்கள். வெய்யிலில் நின்ற வண்டியின் இருக்கை குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும். துவாய் ஒன்றை விரித்துவிட்டு இருக்கச் செய்யுங்கள். காலையில் வெய்யில் ஒரு பக்கத்தில்தான் விழும். வயதானவரை நிழற் பக்கத்தில் இருத்துங்கள், பாதை திரும்பும்போது இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஐஸ்பெட்டி ஒன்றில் நனைத்த துவாய்கள் நான்கைந்து வைத்திருந்தால், கழுத்திலும் மணிக்கட்டிலும் போட்டுக்கொள்ளலாம். ஓடும் வண்டியின் காற்றும் அந்த ஈரமும் சேர்ந்தாற் குளிரூட்டி தேவையில்லை. மிருகத்தைக் கண்டு வண்டி நிற்கும் நேரம்தான் கடினமான நேரம். காற்று நின்றுவிடும், புழுதியும் சூடும் நிற்கும். சிறுத்தைக்காக அரை மணித்தியாலம் ஒரே இடத்தில் காத்துக்கிடப்பதா என்பதைச் சிறுத்தையைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். வண்டியில் இருக்கும் ஆகச் சிறியவரையும் ஆகப் பெரியவரையும் பார்த்துத் தீர்மானியுங்கள்.

ஆறாவது: குளிசைகள். குருதி அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் எடுக்கும் சில குளிசைகள் உடம்பிலுள்ள நீரை வெளியேற்றுபவை. எனது மாமியும் அதில் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்திவிடக்கூடாது. இங்கிருந்து புறப்பட முன்னர் உங்கள் குடும்ப வைத்தியரிடம் "வெக்கையான நாட்டுக்குப் போகின்றேன், இந்தக் குளிசைகளை என்ன செய்வது, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்?" என்று கேளுங்கள். இருதயம், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தண்ணீரின் அளவும் வேறாக இருக்கும். இன்சுலின் எடுப்பவர்கள் அதைச் சூடான வண்டிக்குள் விட்டுவிடாமல் குளிர்ப் பையில் வைத்திருங்கள். ஐஸ்கட்டியோடு நேரே முட்டவும் விடாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் ஒருவருக்கு ஏலாமல் வந்தால்? தலையிடி, தலைச்சுற்று, வயிற்றுப் பிரட்டு, தசைப்பிடிப்பு, மிகுந்த களைப்பு, முகம் வெளிறுதல் இவை முதல் அறிகுறிகள். உடனே நிழல், இறுக்கமான உடுப்பைத் தளர்த்துதல், ஈரத் துணி, விசிறல், சிறிது சிறிதாக உப்புச்சீனித் தண்ணீர். பயணத்தை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர் சம்பந்தமில்லாமற் கதைத்தால், தடுமாறினால், ஆட்களை மட்டுக்கட்ட முடியாமற் போனால், வலிப்பு வந்தால் அல்லது நினைவிழந்தால், அது வெப்ப அதிர்ச்சி. உடம்பின் உட்சூடு 40 பாகைக்கு மேல் போயிருக்கலாம். உயிராபத்தான நிலை அது. வியர்வை வருகின்றதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கைவசமுள்ள தண்ணீர் முழுவதையும் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் கவட்டிலும் ஐஸ் வையுங்கள். குளிர்த்துவதைத் தொடங்கிவிட்டே வைத்தியசாலைக்கு ஓடுங்கள், வழியிலும் குளிர்த்திக்கொண்டே போங்கள். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயால் ஒன்றும் பருக்காதீர்கள். காய்ச்சல் என்று நினைத்துப் பரசிற்றமோல் கொடுப்பதால் இந்தச் சூடு இறங்காது. இலங்கையில் இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. அந்த இலக்கத்தைப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியிலும் பதிந்துவிடுங்கள்.

இது ஊருக்குப் போகும்போது மட்டும் தேவைப்படும் அறிவு என்றும் எண்ண வேண்டாம். 2003 ஆம் ஆண்டுக் கோடையில் பிரான்ஸ் நாட்டில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் வெக்கையால் உயிரிழந்தார்கள். பெரும்பாலானோர் வயதானவர்கள். தனியே வீட்டுக்குள் இருந்தவர்கள் பலர். எங்கள் பின்மார்க்கிலும் காலம் மாறுகின்றது. 2021 ஆம் ஆண்டு ஆடி 5 ஆம் திகதி பானாக்கில் 34.3 பாகை பதிவாகியது. வில்பத்துச் சூடு எங்கள் வாசலுக்கே வந்த நாள் அது. 2018 ஆடியில் வெக்கை தாங்காத துருவ மான்கள் வீதிச் சுரங்கங்களுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. கவனமாக ஓடுங்கள் என்று வீதி அதிகாரிகள் சாரதிகளுக்கு அறிவித்தார்கள். நிழல் கிடைத்த இடத்தில் ஒதுங்குவதற்கு அந்த மான்கள் வெட்கப்படவில்லை. நாங்களும் வெட்கப்படத் தேவையில்லை.

அன்பான நேயர்களே, எங்கள் பெற்றோருக்குக் காடு என்பது சுற்றுலா இடமாக இருக்கவில்லை. ஒளிந்திருந்த இடம், நடந்து கடந்த இடம், சிலருக்கு உறவை விட்டுவந்த இடம். இன்று பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அதே காட்டுக்கு அவர்கள் வருகின்றார்கள் என்றால், அது பிள்ளைகளின் சந்தோசத்துக்காக. அந்தச் சந்தோசத்தைக் கெடுக்கக்கூடாது என்றுதான் வாய்திறக்காமல் இருப்பார்கள். கேட்டால் "எனக்கு ஒண்டுமில்லை" என்பார்கள். அந்தப் பதிலை நம்பாதீர்கள். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை முகத்தைப் பாருங்கள். போத்தலைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், அவர்கள் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருங்கள்.

இரண்டு வருடங்களின் பின் மாமியோடு மறுபடியும் போனோம். மின்னேரியாவுக்கு, மாலை நேரத்தில். இம்முறை கடைசி மகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: அப்பம்மாவின் முகத்தைப் பார்ப்பது. ஒவ்வொரு கால் மணித்தியாலமும் அவள் "அப்பம்மா, குடியுங்கோ" என்பாள். மாமி குடித்துவிட்டுப் போத்தலை அவளிடமே நீட்டி, "இப்ப நீ குடி" என்பார். யானைகள் குட்டிகளை நடுவில் விட்டு, குளக்கரையை நோக்கி நடந்து வந்தன. மாமி அவற்றைக் கடைசிவரை விழித்திருந்து பார்த்தார்.

உங்கள் எல்லோருடைய விடுமுறையும் நலமாக அமையட்டும். போய்ச் சுகமாகத் திரும்பி வாருங்கள்.